சேமித்த லிங்க்குகளைப் பலகையில் பரப்புவது: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொண்ட லிங்க், மூட மனம் வராமல் பிரவுசரில் விட்டுவைத்த டேப், யூடியூபில் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிய வீடியோ, போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், எப்போதோ போட்ட புக்மார்க். ஒரே விஷயத்தைப் பற்றித் தேடிச் சேர்த்த தகவல் பெரும்பாலும் இப்படித்தான் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. வேண்டும் என்கிற நேரத்தில் எதை எங்கே வைத்தோம் என்பது ஞாபகத்துக்கு வராது. மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு வழி, காட்சிப் பலகைச் செயலி. லிங்க், படம், குறிப்பு, கோப்பு என்று எதைச் சேமித்தாலும் அதை ஓர் அட்டையாக மாற்றி, ஒரே திரையில் பரப்பி வைக்க விடுகிற செயலி அது. பின்ட்ரெஸ்ட், ட்ரெல்லோ, மிலாநோட், பேட்லெட், மிரோ எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்காக உருவானது என்றாலும் அடிப்படை ஒன்றுதான். சேர்த்த பொருள்களைப் பெட்டிக்குள் போட்டு மூடாமல், மேசைமேல் எடுத்துப் பரப்புவது.

புக்மார்க் ஏன் போதவில்லை?

1993-இல் வந்த மொசைக் பிரவுசரிலேயே பிடித்த பக்கங்களைக் குறித்துவைக்கும் வசதி இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான நெட்ஸ்கேப்பில் அது புக்மார்க் என்ற பெயரில் பரவியது. அன்றைய வடிவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. பக்கத்தின் தலைப்பு, அதை உள்ளடக்கிய ஃபோல்டர். அவ்வளவுதான்.

முதல் சிக்கல் ஃபோல்டரில் இருக்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய அறிவியல் சோதனைகள் பற்றி ஒரு கட்டுரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘அறிவியல்’ ஃபோல்டரில் போடுவதா, ‘குழந்தைகள்’ ஃபோல்டரிலா, ‘விடுமுறை’ ஃபோல்டரிலா? ஏதோ ஒன்றில் போடுகிறோம். தேடும்போது வேறொன்றைத் திறக்கிறோம். நூலகத் துறை இந்தச் சிக்கலை இணையத்துக்கு வெகு காலம் முன்பே எதிர்கொண்டது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல கோணங்களாகப் பிரித்து, அந்தக் கோணங்களைச் சேர்த்து எழுதும் முறை. இணையத்தில் ஏறக்குறைய அதே எண்ணத்தை எளிய வடிவில் பரவலாக்கியது, ஜோஷுவா ஷாக்டர் 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் தளம். அதில் ஒரு லிங்க்குக்கு எத்தனை குறிச்சொல் (டேக்) வேண்டுமானாலும் கொடுக்க முடிந்தது, எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது வந்தது. ஃபோல்டர் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் இன்னொரு சிக்கல் அப்படியே இருந்தது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. தேடுவதற்கு நாம் சொல்லை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். குறிச்சொல்லை ‘கல்வி’ என்று போட்டோமா, ‘படிப்பு’ என்று போட்டோமா? ஒன்றை நினைவிலிருந்து வரவழைப்பது கடினம், கண்ணால் பார்த்ததும் அடையாளம் காண்பது எளிது. இதை உளவியலாளர்கள் நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். லயனல் ஸ்டாண்டிங் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 10,000 படங்கள் வரை காட்டப்பட்டன. பிறகு பார்த்த படம் ஒன்றும் பார்க்காத படம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது முன்பு பார்த்தது என்று கேட்டபோது, 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். ‘அந்த நீல அட்டை, இடது பக்கம், நிலாப் படம் போட்டது’ என்று நம் கண் தேடிப் போவது இந்தத் திறமையால்தான். பலகைச் செயலிகள் நிற்பதும் இதன்மேல்தான்.

மூன்று வகைப் பலகைகள்

2010-இல் வந்த பின்ட்ரெஸ்ட், சேமித்ததைப் படமாகவே அடுக்கிக் காட்டும் முறையைக் கோடிக்கணக்கானவர்களுக்குப் பழக்கியது. இதைக் கட்டங்களாக அடுக்கும் வகை எனலாம். அட்டைகள் தாமாகவே வரிசையில் அமரும், எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. வடிவமைப்பு, உடை, அலங்காரம் போன்று படமே தகவலாக இருக்கும் விஷயங்களுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

2011-இல் வந்த ட்ரெல்லோ நெடுவரிசை வகை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைப்பு, அதன் கீழே அட்டைகள். ஓர் அட்டையை இழுத்து அடுத்த வரிசையில் விடலாம். இதன் வேர் டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான கான்பான் முறையில் இருக்கிறது. எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அட்டைகளை வைத்தே தெரிந்துகொள்கிற முறை அது.

மூன்றாவது வகை திறந்த வெளி. மிலாநோட், மிரோ போன்றவை கோடு போடாத பெரிய காகிதம் போல ஒரு பரப்பைத் தருகின்றன. எங்கே வேண்டுமானாலும் அட்டையை வைக்கலாம், அம்புக்குறி போட்டு இணைக்கலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். சுதந்திரம் அதிகம், அதனால் குப்பை சேரும் வாய்ப்பும் அதிகம். பேட்லெட்டில் ஒவ்வொரு பலகையையும் தொடங்கும்போதே எந்த வடிவம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முதன்முதலாகத் தொடங்குபவருக்கு நான் நெடுவரிசை வகையைத்தான் சொல்வேன். திறந்த வெளியில் முதல் நாளே எங்கே வைப்பது என்ற தயக்கம் வந்துவிடும். நெடுவரிசையில் அந்தத் தயக்கம் குறைவு, போனின் சின்னத் திரையிலும் அது ஒழுங்காகத் தெரியும்.

லிங்க் எப்படி அட்டையாகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ஒரு லிங்க்கைப் பலகையில் ஒட்டியவுடன், செயலி அந்தப் பக்கத்துக்குப் போய் அதன் தலைப்பகுதியில் மறைவாக எழுதியிருக்கும் விவரங்களைப் படிக்கிறது. தலைப்பு இது, சுருக்கம் இது, காட்ட வேண்டிய படம் இது என்று பக்கத்தை உருவாக்கியவர்கள் அங்கே குறித்து வைத்திருப்பார்கள். 2010-இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் என்ற முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது கீழே சின்னப் படமும் தலைப்பும் வருகிறதே, அதுவும் இப்படித்தான் வருகிறது.

சரி, இதனால் நமக்கு என்ன? அந்த விவரங்கள் எழுதப்படாத பக்கத்தைச் சேமித்தால் அட்டை வெறுமையாக வரும். உள்நுழைந்தால் மட்டுமே திறக்கும் பக்கத்தைச் சேமித்தால், உள்நுழைவுப் பக்கத்தின் படம்தான் அட்டையில் ஏறும். செயலி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், நீங்களே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அட்டையில் சேர்த்துவிடலாம். இன்னொன்று, அட்டையில் தானாக ஏறும் தலைப்பு மற்றவர்களை உள்ளே இழுப்பதற்காக எழுதப்பட்டது. ‘இதை அறியாமல் வாங்காதீர்கள்’ என்ற தலைப்பு இரண்டு வாரம் கழித்து உங்களுக்கு எதையும் சொல்லாது. சேமித்தவுடனேயே அதை அழித்து, உள்ளே இருப்பதை உங்கள் சொற்களில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான பலகைச் செயலிகள் இதற்கு இடம் தருகின்றன.

ஏன் சேமித்தேன் என்று ஒரு வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் எதற்காக இதைச் சேமித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். லிங்க்கை எப்படியும் திரும்பத் தேடிப் பிடித்துவிடலாம். அதைப் படித்த கணத்தில் உங்கள் மனதில் தோன்றிய காரணத்தை எந்தத் தேடுபொறியும் தேடித் தராது. ‘நல்ல கட்டுரை’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘மூன்றாம் பத்தியில் பராமரிப்பு பற்றிச் சொல்கிறார், நம் கேள்விக்குப் பதில்’ என்று எழுதினால் பயன் உண்டு. ஒரு வரி எழுதுவதற்கு எதுவும் தோன்றவில்லை என்றால், அந்தப் பக்கத்தைச் சேமிக்காமலே விடலாம் என்பது என் கருத்து.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வானத்தைப் பார்ப்பதில் ஆர்வமுள்ள ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா முதல் தொலைநோக்கி வாங்க நினைக்கிறார். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தேடத் தொடங்குகிறார். வகைகள் பற்றிய கட்டுரை, நாலைந்து வீடியோ, விற்பனைப் பக்கங்கள், நிலவின் பிறை நாள்களைக் காட்டும் தளம், வானியல் ஆர்வலர் ஒருவரின் அனுபவக் குறிப்பு என்று சேர்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் நெடுவரிசைகளுக்கு ‘வீடியோ’, ‘கட்டுரை’, ‘கடை’ என்று பெயர் வைப்பது வழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் உதவாது. ஒரு தகவல் வீடியோவாக வந்ததா கட்டுரையாக வந்ததா என்பது அவருடைய கேள்வியே இல்லை. வரிசைகளின் தலைப்புகள் அவருடைய கேள்விகளாகவே இருக்கட்டும். ‘எந்த வகை நமக்குப் பொருந்தும்?’, ‘வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?’, ‘எங்கே வைத்துப் பார்ப்பது?’, ‘முதல் மாதம் என்ன பார்க்கலாம்?’. இப்படி வைத்ததும் எந்தக் கேள்விக்கு இன்னும் விடை சேரவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். முதல் வரிசையில் பத்து அட்டை, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை என்றால், அடுத்து எதைத் தேடுவது என்று பலகையே சொல்லிவிடுகிறது. பட்டியலில் இது கிடைக்காது, பட்டியல் இருப்பதை மட்டும்தான் காட்டும்.

இப்போது ‘வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?’ என்ற வரிசையைப் பாருங்கள். ஓர் அட்டை விற்பனைப் பக்கம். 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி, 500 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஆர்வலரின் குறிப்பு. ஒளியை வாங்கும் முதன்மை லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு உருப்பெருக்கம் வரைதான் காட்சி பயன்படும்படி இருக்கும், அதற்குமேல் போனால் மங்கல்தான் பெரிதாகும் என்கிறார். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் கணக்கு தானாக நடக்கிறது. 60-க்கு இரண்டு மடங்கு என்றால் 120. அப்படியானால் 500 என்பது விளம்பரம். இரண்டு பக்கங்களையும் அவர் வேறு வேறு நாளில் படித்தவர், தனித்தனியாகப் படித்தபோது இரண்டுமே நியாயமாகத்தான் பட்டன. முரண்பாடு கண்ணில் பட்டது அட்டைகள் பக்கத்தில் வந்த பிறகுதான். உடனே அவர் ஒரு புதிய அட்டை எழுதுகிறார், அதில் லிங்க் எதுவும் இல்லை: ‘மடங்கைப் பார்க்காதே, விட்டத்தைப் பார்.’ பலகையில் இருப்பதிலேயே மதிப்புள்ள அட்டை அதுதான், ஏனென்றால் அது அவரே கண்டடைந்தது. லிங்க்குகளுக்கு நடுவே இப்படி உங்கள் சொந்த அட்டைகள் முளைக்கத் தொடங்கினால் பலகை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

‘முதல் மாதம் என்ன பார்க்கலாம்?’ வரிசையை மகள் நிரப்பலாம். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், சனியின் வளையம், எல்லாமே சின்னத் தொலைநோக்கிக்கு எட்டுகிறவை. பலகையை இருவர் சேர்ந்து பார்க்கும்படி பகிர்ந்துகொள்வதும் இந்தச் செயலிகளில் எளிது. இருவர் சேர்க்கும் பலகையில் அந்த ஒரு வரிக் காரணம் இன்னும் முக்கியமாகிறது. அவர் ஏன் இதை வைத்தார் என்று மற்றவர் ஊகிக்க வேண்டியிராது.

தினசரிப் பழக்கம்

சேமிப்பதும் அடுக்குவதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் அலுத்துப்போய் விட்டுவிடுவோம். அதனால் பலகையின் இடது ஓரத்தில் ‘புதிது’ என்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். போனில் எதைப் படித்தாலும் பகிர் பொத்தானைத் தட்டி, செயலியைத் தேர்ந்தெடுத்தால் அது அந்த வரிசையில் வந்து விழும்படி அமைக்கலாம். கணினியில் பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளான நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இதே வேலையைச் செய்யும். காரண வரியை மட்டும் அப்போதே எழுதிவிட்டு, அப்புறம் நேரம் கிடைக்கும்போது உரிய வரிசைக்கு இழுத்துவிடலாம். அப்படி இழுக்கும்போது சில அட்டைகள் எந்த வரிசையிலும் சேராது. அவற்றை நீக்கிவிடலாம், அல்லது நீங்கள் இன்னும் கேட்காத ஒரு கேள்வி அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நிறத்துக்கு ஒரே ஒரு பொருள் கொடுங்கள். பச்சை என்றால் படித்து முடித்தது, அவ்வளவு போதும். ஏழு நிறத்துக்கு ஏழு பொருள் கொடுத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே விளக்கக் குறிப்பு தேவைப்படும். திறந்த வெளிப் பலகை என்றால் தூரமே ஒரு மொழி. சம்பந்தமுள்ளவை நெருக்கமாக, சந்தேகமானவை சற்றுத் தள்ளி. அட்டையின் அளவையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

ஒரு பலகைக்கு ஒரு நோக்கம். ‘சுவாரசியமானவை’ என்று ஒரு பலகை தொடங்கினால் அது முடிவே இல்லாமல் நீளும். எதைத் தெரிந்துகொள்ள அல்லது எதை முடிவு செய்ய இந்தப் பலகை என்று தலைப்பிலேயே எழுதலாம். கீழே கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எல்லாம் ஒரே பார்வையில் விழாவிட்டால், பலகைக்கும் பழைய பட்டியலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

பலகை காப்பாற்றாதவை

அட்டை என்பது பக்கத்தின் நகல் இல்லை, அந்தப் பக்கத்துக்கு வழிகாட்டும் குறி மட்டுமே. அந்தப் பக்கம் நாளை இல்லாமல் போகலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்க முடியாமல் போயின. ஆகவே உண்மையிலேயே முக்கியமான பக்கம் என்றால் அதைப் பிடிஎஃப் ஆகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ எடுத்து அட்டையோடு இணைத்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில், ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து இப்போதைய வடிவத்தைச் சேமிக்கச் சொல்லலாம். அந்த நகலின் லிங்க்கையும் அட்டையில் வைத்துக்கொண்டால் கவலை குறையும்.

பக்கங்கள் மட்டுமல்ல, சேமிக்கும் சேவைகளும் மூடப்படுகின்றன. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. 2007-இல் ரீட் இட் லேட்டர் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மோசில்லாவின் கைக்குப் போன பாக்கெட், கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமிக்கும் சேவை, 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பாக்கெட்டில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்தவர்கள் தங்கள் பட்டியலை ஏற்றுமதி செய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எந்தச் செயலியையும் தேர்ந்தெடுக்கும் முன்பே அமைப்புகளில் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று அட்டைகளைப் போட்டு, ஏற்றுமதி செய்து, வரும் கோப்பைத் திறந்தும் பாருங்கள். லிங்க்கும் உங்கள் குறிப்பும் அதில் இருந்தால் போதும். அட்டைகளை நீங்கள் அடுக்கிய அழகு இன்னொரு செயலிக்கு அப்படியே போகும் என்று எதிர்பார்க்க முடியாது. இலவசக் கணக்கில் அட்டைகளுக்கோ பலகைகளுக்கோ எண்ணிக்கை வரம்பு வைக்கும் செயலிகளும் உண்டு, அதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பின்ட்ரெஸ்டில் நீங்கள் தொடங்கும் பலகை, ரகசியம் என்று தேர்ந்தெடுக்காவிட்டால், மற்றவர்களுக்கும் தெரியும். ட்ரெல்லோவில் பொதுவாக வைத்த பலகைகள் தேடுபொறிகளில் வரக்கூடும். கடவுச்சொல், அடையாள அட்டையின் படம், மருத்துவ அறிக்கை போன்றவற்றைப் பலகையில் ஒட்டவே வேண்டாம். பலகையைப் பிறரோடு பகிரும்போது, லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாமா, அழைக்கப்பட்டவர் மட்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் மூலம் கேட்கும்போது, எது எதன் பக்கத்தில் இருக்கிறது, எந்த நிறம் என்பதெல்லாம் அவர்களுக்கு வந்து சேராது. அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், இடமும் நிறமும் சொல்வதை அட்டையில் எழுத்தாகவும் எழுதுங்கள், கூடவே ஒரு சாதாரணப் பட்டியலையும் கொடுங்கள். நெடுவரிசை வகை இந்த விஷயத்திலும் திறந்த வெளியைவிட மேல்.

எல்லாவற்றுக்கும் பலகை வேண்டியதில்லை. தினமும் திறக்கும் தளத்துக்குப் பிரவுசரின் புக்மார்க் பட்டையே போதும். நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து மேற்கோள் காட்ட வேண்டியவருக்கு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும் ஸோட்டிரோ போன்ற மென்பொருள்தான் சரி. முடிவு எடுக்க வேண்டிய விஷயம், கற்றுக்கொண்டிருக்கும் பாடம், திட்டமிடும் வேலை, இவற்றில்தான் பலகை தன் பலத்தைக் காட்டும். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய தகவல் எங்கே இருக்கிறதோ அங்கே.

தொடங்கும்போது பழைய புக்மார்க்குகள் அனைத்தையும் இறக்குமதி செய்து அடுக்க ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். அவற்றை ஏன் சேமித்தீர்கள் என்பது பாதிக்கு மேல் மறந்திருக்கும், காரண வரி எழுத முடியாது. இப்போது உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு ஒரு பலகை, நாலு வரிசை, கைவசம் இருக்கும் ஏழெட்டு லிங்க் என்று ஆரம்பியுங்கள். பழையவற்றில் ஏதாவது தேவைப்பட்டால் அந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.